தொம்மலூர் பெட்டியில் மட்டும்

பாகீரதியைத் தேடி வரும் ஃபோன்களில் முக்கால்வாசி ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்.

"மேடம், ஒரு பில்ட் போட்டுக் குடுக்கிறீங்களா?"

கூப்பிடுகிறவர்களுக்கு அது அரை நிமிஷப் பேச்சு. பாகீரதி அவ்வளவு சீக்கிரம் விடமாட்டாள். "போடறேன், நேத்து மாத்தினது எதுக்குன்னு முதல்ல சொல்லு" என்பாள். அவர்கள் சொல்லும்போது பின்னால் நாய் குரைக்கும், குழந்தை எதற்கோ அடம் பிடிக்கும். "நாய்க்கு வயிறு சரியாயிடுத்தா?" என்று விசாரிப்பாள். பில்ட் முடியும்வரை பேச்சு எப்படியோ நீளும். முடிந்ததும் "தேங்க்ஸ் மேடம்" என்று வைத்துவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஃபோன் வரும்வரை அந்த மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பில்ட் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பல பேர் தனித்தனியாக எழுதிய ப்ரோக்ராமை ஒன்றாகச் சேர்த்து, அதற்கு வேண்டிய மற்ற சாமான்களையும் போட்டுச் சமைத்து, மெஷினுக்குள் ஏற்றக்கூடிய ஒரே கோப்பாக இறக்குவது. அவள் வேலை பார்க்கும் ரகுராமின் கம்பெனி எழுதுவது, பால் சோதிக்கும் மெஷினுக்குள் ஓடுகிற ப்ரோக்ராம். ஆனேக்கல் சுற்றுப்பட்டு கிராமங்களில் விடிந்ததும் பால் சொசைட்டி வாசலில் தூக்கும் கேனுமாக ஜனங்கள் நிற்பார்கள். துளிப் பாலை மெஷினில் ஊற்றினால் ஃபேட் எவ்வளவு என்று சின்னத் திரையில் எண் விழும். அந்த எண் சொல்வதுதான் விலை.

அந்த பில்ட் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நடந்தது. தொம்மலூரின் பழைய ஊர்ப் பக்கம், சொக்கநாதசாமி கோயிலுக்குப் போகிற சந்து ஒன்றில், ஒரு வீட்டு மாடியில், பாகீரதியின் மேஜைக்கு அடியில் இருந்த சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் பெட்டியில். வேறு யாருடைய லேப்டாப்பில் முயன்றாலும் பாதியில் நின்றுவிடும். ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, பாகீரதி உள்பட. வருஷக்கணக்கில் தேவைப்பட்டதை எல்லாம் அவளும் அவளுக்கு முன்னால் அதைப் பார்த்துக்கொண்ட நோயலும் அதில் ஏற்றிக்கொண்டே வந்திருந்தார்கள். வீட்டுப் பரண் மாதிரி. என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வராது, ஆனால் வேண்டியது எப்படியோ கிடைத்துவிடும்.

பாகீரதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்பா விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு அடுத்த தெருவில் இரண்டு அறை ஃப்ளாட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. வேண்டாமென்றும் இல்லை, பேச்சு எடுத்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அண்ணன் அனந்தபத்மநாபன் மெல்போர்னில். பண்டிகைக்குப் பண்டிகை அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு கோலப் படம் வரும். அதே படம் இன்னும் பலருக்கும் போயிருக்கும் என்பது பார்த்தாலே தெரியும்.

நோய்க்காலத்தில் ஆபீஸில் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நோய் போனது, ஆட்கள் திரும்பவில்லை. பெட்டி அங்கே இருந்ததால் பாகீரதி மட்டும் தினமும் படியேறினாள். அந்தப் பெட்டிக்குள் வெளியிலிருந்தே நுழைகிற மாதிரி வழி பண்ணிக்கொள்ளலாமே என்று கூட வேலை பார்க்கும் வெங்கி ஒருமுறை கேட்டான். "அதெல்லாம் பாதுகாப்பில்லப்பா" என்று தட்டிக்கழித்தாள். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது யாரோ தன் கைப்பையைத் துழாவப் பார்த்த மாதிரி ஒரு படபடப்பு இருந்தது.

ஆயுதபூஜையை ஆபீஸில் வைக்கலாம் என்று சொன்னதும் அவள்தான். வாட்ஸப் குழுவில் எழுதினாள்: "இந்த வருஷம் பூஜை தொம்மலூரில். எல்லாரும் வரணும். பொரி, கடலை, ஸ்வீட் எல்லாம் உண்டு. சாக்குச் சொல்லக் கூடாது." பக்திக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வந்தார்கள். பெருக்கித் துடைக்க வரும் சின்னத்தாயி முந்தின நாளே மாடியைத் துடைத்து நாற்காலிகளின் தூசியை எல்லாம் தட்டி வைத்திருந்தாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பச்சைமுத்து வாசலில் வாழைக்கன்று கட்டினார். "இன்னா மேடம், கல்யாண வூடு மாதிரி கீது!" என்றார். ஆனேக்கலிலிருந்து வேலை பார்க்கும் அம்ருதாவை பாகீரதி அன்றுதான் நேரில் பார்த்தாள். குரலை வைத்துக் குள்ளமாக ஒரு பெண்ணை மனசில் வைத்திருந்தாள். வந்தவள் கதவு நிலைக்குக் குனிகிற உயரம்.

ரயான் தன் பைக் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு மேலே வந்தான். வெங்கி அவனிடம், "குரு, நான் எழுதற கோடுக்கும் அடியில ஒண்ணு வைங்க, அதுதான் ரொம்ப ஆக்சிடென்ட் ஆகுது" என்றான். பாகீரதி எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

லேப்டாப்புகளுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த பச்சைமுத்து, மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நிமிர்ந்து, "அது இன்னும் ஓடிகினு கீதே மேடம். பூஜைல வெச்ச ஆயுதத்த இன்னிக்கி ஓட்டக் கூடாது" என்றார்.

எல்லோரும் பாகீரதியைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியை யாரும் அணைத்ததே இல்லை. கரண்ட் போனாலும் யூபிஎஸ் காப்பாற்றிவிடும்.

"பரவாயில்லயா மேடம்?" என்று அம்ருதா கேட்டாள்.

இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்ற நினைப்பு ஒரு பக்கம் ஓடியது. "நமக்கெல்லாம் லீவு, அதுக்கு மட்டும் கிடையாதா?" என்றாள். உட்கார்ந்து, தானே அணைத்தாள். பெட்டிக்குள் மின்விசிறி அடங்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ரயான் ஃபோட்டோ எடுத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். மிஞ்சிய பொரியை சின்னத்தாயிக்கும் பச்சைமுத்துவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அவள் கதவைப் பூட்டினாள்.

விடுமுறை முடிந்து வந்து பெட்டியைப் போட்டாள். அது உடனே எழுந்திருக்கவில்லை. மறுபடி ஆன் பண்ணும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இத்தனை காலம் ஒத்திப்போட்ட அப்டேட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து உட்கார்ந்தன. திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் இன்னும் கெட்டுவிடுமோ என்று பயம்.

பில்ட் போட்டுப் பார்த்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி அம்ருதாவின் ஃபோன் வரும்வரைதான்.

"மேடம், டெஸ்ட் பால் ஓட்டிப் பார்த்தேன். ஃபேட் கம்மியா காட்டுது."

"நீ ஏதாவது மாத்தினியா?"

"ஒரு எழுத்துகூட மாத்தல மேடம், நிஜமா. பூஜைக்கு முன்னாடி போட்ட அதே கோடு. நாலு புள்ளி ஒண்ணு வர வேண்டியது நாலுன்னு வருது. எல்லாத்துலயும் இல்ல, சிலதுல மட்டும்."

டெஸ்ட் பால் என்பது நிஜப் பால் இல்லை. முன்பு மெஷின் அளந்த அளவுகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பில்டையும் அவற்றை வைத்துத்தான் சோதிப்பார்கள். கோடு அதே, அளவும் அதே. எண் மட்டும் வேறு. வெளியார் எழுதியதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளில், கணக்குப் போடும் ஒன்று அந்த அப்டேட்டில் புதுசாகிவிட்டிருந்தது. கடைசி தசமத்தை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதில் அது பழையதோடு ஒத்துப்போகவில்லை.

ரகுராம் அன்றைக்கே ஓடிவந்தான். அவனும் பாகீரதியும் கல்லூரியில் ஒரே வகுப்பு. கம்பெனி ஒரு வீட்டு முன்னறையில் இருந்த காலத்திலிருந்து கூட இருக்கிறாள். குளிர் நாட்களில் மெஷின் தடுமாறுகிறது என்று சொசைட்டிகள் புகார் சொல்லியிருந்தன. குளிர் இறங்குவதற்குள் திருத்திய பதிப்பைத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"பழையபடியே பில்ட் பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

"இப்போதைக்கு முடியாது ரகு."

"கோடு நம்மகிட்டதானே இருக்கு?"

"சமையல் குறிப்பு இருக்கு. எந்தக் கடை அரிசி, எந்த வருஷத்துப் புளின்னு யாரும் எழுதி வைக்கலையே."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "நான்தான் அணைச்சேன்" என்றாள்.

"தெரியும். ஃபோட்டோ பார்த்தேன்" என்றான்.

மறுநாள் எல்லோரும் கூடிய வீடியோ மீட்டிங்கில் அம்ருதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் ஒண்ணு சொல்லட்டா, பேஜார் பண்ணிக்காதீங்க. நிக்ஸ்னு ஒண்ணு இருக்கு. எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, கைரேகை மாதிரி அதோட அடையாள எண் என்னன்னு எல்லாத்தையும் கோடு மாதிரியே எழுதி வெச்சிடலாம். அப்புறம் எந்த மெஷின்ல பண்ணாலும் அதே சாமான்தான் வரும். பில்ட் பண்றப்ப சுத்தி அடைச்சிடும். நாம எழுதிக் குடுத்தது தவிர வேற எதையும் தொட விடாது."

"கத்துக்க ஒரு ஜன்மம் வேணும் அதுக்கு" என்றான் வெங்கி. "நான் மூணு தடவ ஆரம்பிச்சேன். மூணு தடவயும் அம்மா ஞாபகம் வந்திடுச்சி."

சிரிப்பு அடங்கியபின் ரகுராம் மெதுவாகச் சொன்னான். "அது நடந்தா நல்லதுதானே பாகீ. அந்த ஒரு பெட்டிக்காகத்தான் வாடகை குடுத்து மாடியை விடாம வெச்சிண்டிருக்கேன். நீயும் ஆத்துலேர்ந்தே பண்ணலாம். தினம் படியேற வேண்டாம்."

நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னான். "ஆமாம், நல்லதுதான்" என்றாள் பாகீரதி.

மீட்டிங் முடிந்து திரை இருண்டதும் மேஜைக்கு அடியில் பார்த்தாள். குங்குமம் காய்ந்து லேசாக உதிர்ந்திருந்தது. இன்னொரு வழியும் இருந்தது. பழைய லைப்ரரியை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துக் கையாலேயே பெட்டியில் இறக்கிவிடலாம். எண் சரியாகிவிடும். ரகுவும் கேள்வி கேட்கமாட்டான். ஃபோன்கள் வந்துகொண்டிருக்கும். மாடியும் இருக்கும்.

அதற்கான தேடலைக்கூடத் தொடங்கிவிட்டாள். நடுவில் அம்ருதாவின் ஃபோன் வந்தது. வேறு ஏதோ பேசிவிட்டு, வைக்கும் முன் சொன்னாள்: "எங்க சித்தி நம்ம மெஷின்லதான் பால் ஊத்துறாங்க மேடம். ஃபேட் கம்மின்னு வந்தா, மாட்டுக்குத் தீவனம் சரியில்லன்னு தன்னத்தானே திட்டிக்குவாங்க. மெஷின சந்தேகமே பட மாட்டாங்க."

பாகீரதி அந்தத் தேடல் பக்கத்தை மூடினாள். கையால் ஒட்டுப்போட்டால் அடுத்த முறை பெட்டி படுக்கும்போது இதே கதைதான். அப்போது யாருக்கும் தெரியாமல்கூடப் போகலாம்.

நிக்ஸ் சுலபத்தில் பிடிபடவில்லை. அதற்கென்று ஒரு தனி மொழி. இத்தனை வருஷம் பழகிய மொழிகள் எல்லாம் "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று சொல்கிற ஜாதி. இதுவோ "என்ன வேண்டும் என்று சொல், எப்போது எப்படி என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது. தவறு செய்தால் பக்கம் பக்கமாகத் திட்டியது. அந்தத் திட்டில் எது காரணம், எது புலம்பல் என்று பிரிக்கவே பல நாள் ஆயிற்று. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு ஒரு முழுக் காலை போனது. கைரேகை பொருந்தவில்லை என்று வந்தபோதெல்லாம் தான் எதையோ திருடிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்ட மாதிரி முகம் சூடானது. பிறகுதான் தெரிந்தது, கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஏதோ ஒரு போலிக் கைரேகையைக் கொடுத்துவிட்டு, அது கோபித்துக்கொண்டு சரியானதைச் சொல்லும்போது எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள் என்று. தனியாக உட்கார்ந்து அதற்குச் சிரித்தாள். சொல்லிச் சிரிக்க யாராவது இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சின்னத்தாயி பெருக்க வரும்போது, "இன்னா மேடம், பரீட்சையா?" என்பாள்.

"ஆமா. பெயிலாயிண்டே இருக்கேன்."

"வுடு மேடம், அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

கொஞ்சம் கொஞ்சமாக அதன் நியாயம் விளங்கியது. பழைய பதிவுகளைத் தோண்டி, பூஜைக்கு முன்னால் பெட்டியில் இருந்த லைப்ரரிகளின் பதிப்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக எழுதினாள். பழையதும் புதியதும் ஒரே மெஷினில் அருகருகே சண்டையில்லாமல் இருந்தன. பிடிக்காவிட்டால் முந்தினதற்குத் திரும்ப ஒரே கட்டளை போதும். எதைத் தொட்டால் எது விழுமோ என்று இத்தனை வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருக்கிறோம் என்பது, மூச்சை விட்டபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆனால் நிக்ஸ் சுற்றி அடைத்த வட்டத்துக்குள் பில்ட் பாதியில் நின்றுவிட்டது. ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. அப்படி ஒரு கோப்பைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டி முழுக்கத் தேடியதில் நோயலின் பழைய ஃபோல்டரில் ஒரு மூலையில் கிடந்தது: குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ப அளவைத் திருத்தும் ஓர் அட்டவணை. கம்பெனி கோடில் எங்கும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் பில்ட் தினமும் போய் அதைத் தொட்டுக்கொண்டு வந்திருக்கிறது. மற்றவர்களின் லேப்டாப்பில் ஏன் நடக்கவில்லை என்பதும் இதில் பாதி புரிந்துவிட்டது.

நோயல் பக்கத்து மேஜையில் இருந்தவன். டொரொன்டோ போனபின் முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்தி போட்டான். அவனுக்கு எழுதினாள். மறுநாள் குரல் செய்தி வந்திருந்தது.

"ஐயோ பாகி, அது இன்னும் உயிரோட இருக்கா? ஒரு டிசம்பர்ல சர்ஜாபுரா பக்கம் சொசைட்டில உக்காந்து நானே அளந்து போட்டது. ரெண்டு நாள்ல சரி பண்றேன்னு வெச்சேன், மறந்தே பூட்டேன். எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நல்லா இருக்கியா? சரி, இங்க ஸ்னோ வாரணும், பை."

அந்த அட்டவணையைக் கோடுக்குள் வைத்து, யார் அளந்தது என்று ஒரு வரி எழுதினாள். "நல்லா இருக்கியா" என்று அவன் கேட்டதற்குப் பதில் போட எடுத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

பில்ட் முடிந்தது. டெஸ்ட் பாலில் எண்கள் எல்லாம் சரி. இனி அம்ருதா ஆனேக்கலில் அவள் லேப்டாப்பில் அதையே போட்டு, இரண்டு கோப்புகளும் ஓர் அணு பிசகாமல் ஒன்றா என்று பார்ப்பதுதான் பாக்கி.

ஒன்றாக இல்லை.

"எண் எல்லாம் சரியா வருது மேடம். ஆனா ஃபைல் வேற. ஒரே ஒரு இடத்துல." அம்ருதா கொஞ்சம் இழுத்தாள். "உங்க பேர்ல."

பாகீரதிக்கு உடனே புரிந்தது. பால் மெஷினைப் போட்டதும் சின்னத் திரையில் ஒரு வரி வரும்: பில்ட் செய்த தேதி, நேரம், செய்தவர், இடம். 'பாகி, தொம்மலூர்' என்று ஆங்கில எழுத்தில் மின்னிவிட்டு மறையும். தொடக்க காலத்தில் விளையாட்டாக அவளே போட்ட வரி. அத்தனை கிராமங்களிலும் தினமும் விடிகாலையில் அந்தப் பெயர் வந்து போகிறது. முத்தியாலமடுவு பக்கத்து சொசைட்டிக்காரர் ஒருவர் புகார் சொல்லக் கூப்பிட்டபோது, "பாகி மேடம் அவ்ரா? தினா நிம்ம ஹெசரு நோட்தீவி" என்று, தினமும் அவள் பெயரைப் பார்ப்பதாகக் கன்னடத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அன்று முழுக்க அவள் மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது.

இப்போது ஆனேக்கலில் செய்தால் அம்ருதாவின் பெயர் வரும். யார் செய்தாலும் ஒன்றே என்றால், யார் செய்தது என்று அதில் இருக்கக் கூடாது. எங்கே, எப்போது என்பதும் கூடாது.

"நிக்ஸ்ல பேரை மட்டும் நிரந்தரமா 'பாகி'ன்னே எழுதி வெச்சிடலாம் மேடம்" என்றாள் அம்ருதா. "யார் போட்டாலும் உங்க பேர் வரும். எனக்கு ஓகேதான்."

நல்ல பெண். அந்த யோசனை பாகீரதியின் நாக்கு நுனியில் இனிப்பாகக் கொஞ்ச நேரம் நின்றது.

"நீ பண்ணினதுக்கு நான் பேர் போட்டுக்கறதா? வேண்டாம்மா. பேர் இருந்தா, ஏதாவது தப்புன்னா என்னைத்தான் தேடுவா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல முடியுமா?"

விளையாட்டாகச் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு அந்த வரியைத் திறந்தாள். தேதி இருந்த இடத்தில் பதிப்பு எண்ணைப் போட்டாள். இடத்தை எடுத்தாள். பெயருக்கு வந்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், ஜன்னலைத் திறந்தாள், கீழே பச்சைமுத்து யாரோ ஆட்டோக்காரரிடம் வாசலை மறிக்காதே என்று சண்டை போடுவதைக் கேட்டாள். திரும்பி வந்து அழித்தாள்.

அம்ருதா மத்தியானம் கூப்பிட்டாள். "ஒண்ணுதான் மேடம்! கைரேகை அப்பிடியே ஒண்ணு! ரயானும் போட்டுப் பார்த்துட்டான், வெங்கியும் பார்த்துட்டான். வெங்கி நம்பவே மாட்டேங்கறான், ரெண்டாவது தடவ போட்டுட்டிருக்கான்." பின்னால் யாரையோ அழைத்துக் காட்டும் சத்தம். "மேடம், சக்கத் மேடம்! சூப்பர்!"

"சந்தோஷம்மா" என்றாள். நிஜமாகவே சந்தோஷம்தான். ஜன்னலுக்கு வெளியே கத்திச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

குளிருக்கான திருத்தம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சொசைட்டியில் மட்டும் புதுப் பதிப்பு பழைய மாடல் மெஷினோடு ஒத்துப்போகவில்லை. ரயான் முந்தின பதிப்பை எடுத்துப் போட்டு, பால் வரிசை கலையும் முன்பே சரிசெய்துவிட்டான். முன்பெல்லாம் இப்படி ஒன்று வந்தால் பாகீரதியின் ஃபோன் பதறிப் பதறி அடிக்கும். இந்த முறை அவளுக்கு விஷயமே குழுவில் ரயான் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதன் கீழே ஒரு கைதட்டல் படம் போட்டாள்.

ஃபோன்கள் ஒரே நாளில் நிற்கவில்லை. பழக்கத்தில் ஓரிருவர் கூப்பிட்டு, "ஓ, நானே போட்டுக்கலாம்ல" என்று சிரித்து வைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. மாடியைக் காலி செய்த அன்று பச்சைமுத்து பெட்டியை ஆட்டோவரைக்கும் தூக்கி வந்தார். "எங்க போவுது மேடம் இது?" என்றார். ரகுராம் ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறான் என்றாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து வேலை செய்தாள். வேலைக்குக் குறைவில்லை, மற்ற ப்ரோக்ராம்களையும் நிக்ஸுக்கு மாற்றும்படி ரகுராம் கேட்டிருந்தான். எல்லாம் செய்தியாகவே வந்தது, செய்தியாகவே போனது. ஒருநாள் காய்காரர் "தக்காளி எத்தன மேடம்?" என்று கேட்டதற்குப் பதில் சொன்னபோது குரல் கரகரத்தது. காலையிலிருந்து பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது படியேறும்போது உறைத்தது.

ஒரு வாரநாள் முற்பகலில் அம்ருதாவைக் கூப்பிட்டாள்.

"மேடம்! என்னாச்சு? பில்ட் உடைஞ்சிடுச்சா?"

"இல்ல இல்ல. நன்னா இருக்கு."

"அப்ப?"

"கை பட்டுடுத்தும்மா, தெரியாம. வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். கல்லூரிப் பெண் மாதிரி இது என்ன என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். அன்று முழுக்க ஃபோனைக் குப்புறப் போட்டு வைத்தாள்.

இத்தனை வருஷங்களில் தான் யாரையாவது காரணமில்லாமல் கூப்பிட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். நோயலை? ரகுவை? அண்ணனை? ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது ஒரு வேலை இருந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாயையும் குழந்தையையும் விசாரித்திருக்கிறாள். வேலையை எடுத்துவிட்டால் ஒரு வாக்கியம்கூடத் தானாக நிற்கவில்லை. இந்த வயசில் கற்றுக்கொள்ள இது ஒன்று பாக்கி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், ஆபீஸ் நேரம் முடிந்திருக்கும் என்று தோன்றியபோது, மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோகும்போது அம்ருதா எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"அம்ருதா, வேலை ஒண்ணும் இல்ல. எதுவும் உடையல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பேசணும் போல இருந்தது. அவ்வளவுதான். உனக்கு நேரமிருந்தா."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். அம்ருதா அவர்களுக்குக் கன்னடத்தில் பதில் சொன்னாள். தவறு செய்துவிட்டோம், இனி எந்த முகத்தோடு அவளுக்குச் செய்தி அனுப்புவது என்று பாகீரதி நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் திரும்பியது.

"ஒரு நிமிஷம் மேடம், வெச்சிடாதீங்க. இங்க ஒரே சத்தம். மாடிக்குப் போயிடறேன்."

படியேறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு தகரக் கதவு கிறீச்சிட்டது. பாகீரதி ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.